பதினான்கு படி இறங்க மூன்று நாள்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவளுக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் சாக்ஸ்காரி. மனிதர்கள் போட்டுக்கொள்ளும் சாக்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் பின்னுவது நாற்காலிகளுக்கு. கம்பளி நூலில் பின்னி, அடியில் தடித்த துணி வைத்துத் தைத்து, மேல் விளிம்பில் எலாஸ்டிக் கோர்த்துவிடுவாள். நான்கு காலுக்கு நான்கு, அது ஒரு செட். மாட்டிவிட்டால் நாற்காலி தரையில் பூனை மாதிரி நடக்கும்.

இந்தத் தொழில் பிறந்ததற்கு நான்தான் காரணம். அவளுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், பதினான்கு படி இறங்கினால் என் கதவு. தினமும் காலை ஆறரைக்கு அவளும் கணவனும் மாமியாரும் சாப்பாட்டு மேசையில் உட்கார நாற்காலியை இழுப்பார்கள் பாருங்கள், அந்தச் சத்தத்தில் என் அலமாரியில் இருக்கும் கோப்பைகள் பயந்து ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஒருநாள் சுவர்க் கடிகாரமே மிரண்டுபோய்ப் பத்து நிமிடம் முன்னால் ஓடிவிட்டது. கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி சத்தியம். பொறுக்க முடியாமல் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன். ஒரு வாரம் கழித்து அவளே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இனிமே சத்தம் வராது. நாற்காலிக்கு சாக்ஸ் போட்டுட்டேன்."

"அப்படியா? ஷூ எப்போ வாங்கித் தரப்போற?"

அவள் சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை என் கோப்பைகள் தனித்தனியாகவே இருந்தன.

அப்போது அவளுக்குப் பல் டாக்டர் ஒருவரிடம் அரைநாள் வேலை. வருகிறவர்களின் பெயரை எழுதி, உட்காரவைத்து, கூப்பிட்டு அனுப்புவது. அங்கே இருந்த நாற்காலிகளுக்கும் சாக்ஸ் மாட்டினாள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் வந்த ஒருவர், கையாலேயே காட்டி "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே, யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய ஒரு பெரிய வெப்சைட்டில் அவளும் ஒரு கடை திறந்துவிட்டாள்.

இங்கே அந்த வீட்டுப் பணம் எப்படி நடமாடும் என்று சொல்லிவிட வேண்டும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய சம்பளம், மாமியாரின் பென்ஷன், அவளுடைய அரைநாள் சம்பளம், கடைக்காசு எல்லாம் ஒரே பேங்க் கணக்கில்தான் விழும். அதற்கு ஒரே ஒரு கார்டு. அது ஃப்ரிட்ஜ் கதவில், காந்தம் வைத்த ஒரு சின்னப் பையில் இருக்கும். பால் வாங்கினாலும் அதுதான், நூல்கண்டு வாங்கினாலும் அதுதான். மூன்று பேருடைய போனிலும் அதே கார்டு எண் ஏறியிருந்தது.

"ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பர்ஸ்" என்று மாமியார் பெருமையாகச் சொல்வாள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பத்து மாதத்தில் கடை தடதடவென்று வளர்ந்தது. முதல் மாதம் இரண்டு செட். பத்தாம் மாதம் முப்பத்தொன்று. சாக்ஸ்காரி பஸ்ஸில் போகும்போதும் பின்னினாள், டாக்டர் பல்லைக் குடைகிற சத்தத்துக்குத் தாளம் வைத்துப் பின்னினாள். அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை டாக்டர் அவளைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து சாயங்காலமும் கிளினிக் உண்டு, முழுநாள் வர முடியுமா, முடியாதென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார்.

அவளுக்கு வேலையை விட்டுவிட ஆசை. 'நான் ஒரு கடைக்காரி' என்று சொல்லிக்கொள்ள ஆசை. கடை தாங்குமா என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அன்று சாயங்காலம் போனும் கையுமாக என் வீட்டுக்கு இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, போன மாசம் முப்பத்தோரு செட் போயிருக்கு. விரலே தேஞ்சுபோச்சு. ஆனா பேங்க்ல பாத்தா அதுக்கு முந்தின மாசத்தைவிடக் கம்மியா இருக்கு. அது எப்படி?"

"செலவு பண்ணியிருப்பீங்க."

"என்ன செலவு? அதே பால், அதே கரண்ட்டு, அதே பஸ். விக்காதப்போ இதைவிட ஜாஸ்தி இருந்துச்சு. விக்க விக்கக் குறையுது. பயமா இருக்கு ஆன்ட்டி, இன்னும் நல்லா வித்தா தெருவுக்கு வந்துடுவோம்போல."

நான் திருதிருவென்று விழித்தேன். காரணம், நாங்கள் உட்கார்ந்திருந்த அறையின் அலமாரிக்கு அடியில் பிரிக்காத பார்சல்கள் முப்பது இருந்தன. எல்லாம் அவள் கையால் பின்னிய சாக்ஸ்.

அது மாமியார் செய்த வேலை. கடை திறந்த முதல் மாதம் ஆர்டர் வராமல் மருமகள் முகம் வாடிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் என்னிடம் வந்தாள்.

"கீழ்வீடு, ஒரு ஒத்தாசை. உங்க பேருல ஒரு செட் ஆர்டர் போட்டுக்கறேன். பார்சல் வந்தா வாங்கி வெச்சுக்கங்க. அவகிட்ட மூச்சு விடாதீங்க."

"எனக்கு இருக்கறதே நாலு நாற்காலி."

"கட்டிலுக்குப் போடுங்க."

வாங்குகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை அந்த வெப்சைட் விற்பவருக்குக் காட்டாது. பார்சலில் ஒட்டுகிற சீட்டில் கோடுகோடாக ஒரு குறியீடு மட்டும். ஆகவே சாக்ஸ்காரி மேலே உட்கார்ந்து ஆசை ஆசையாகக் கட்டுவாள். கணவன் கீழே இறக்கிக் கொடுக்க, கூரியர்காரர் வந்து எடுத்துப்போவார். அது ஊர்க்கோடியில் இருக்கும் கிடங்குக்குப் போய், ஓர் இரவு தங்கி, தரம் பிரிந்து, வேறொரு வண்டியில் ஏறி, மூன்றாம் நாள் என் கதவுக்கு வந்து சேரும். பதினான்கு படி இறங்க மூன்று நாள். ஒரு பார்சல் வழிதவறி வேறு ஊருக்கே போய்விட்டு ஒன்பதாம் நாள் வந்தது. அதற்குள் அது என்னைவிட அதிக உலகம் பார்த்திருந்தது.

முதலில் மாதம் ஒன்று, பிறகு வாரம் ஒன்று, கடைசியில் வாரம் இரண்டு. நான் மனக்கணக்குப் போட்டேன். மாதம் எட்டு செட் மாமியாருடையது என்றாலும், மீதி இருபத்துமூன்று பேர் நிஜமான மனிதர்கள்தானே? அவள் தன் பென்ஷன் காசில் ஏதோ பிரியத்துக்குச் செய்கிறாள் என்று நினைத்து, மூச்சு விடாமல் இருந்துவிட்டேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மேல்வீட்டில் ஒரே ஆராய்ச்சி. கணவன் கூரியர்காரரைச் சந்தேகப்பட்டான். மாமியார் பேங்கையே சந்தேகப்பட்டாள். "மெஷினுக்கும் கை நீளும்" என்றாள். சாக்ஸ்காரி கணவனைச் சந்தேகப்பட்டு, "டீ எத்தனை குடிக்கறீங்க?" என்று கேட்டாள். "ரெண்டு" என்றான். "ஒரு நாளைக்கா, ஒரு மணிக்கா?" என்றாள். எதற்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் வியாழக்கிழமை சாயங்காலம் நாத்தனாரை வரச்சொன்னார்கள். கணவனின் தங்கை அவள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. போன மாதத்து பேங்க் கணக்கை அச்செடுத்துக்கொண்டு, கூடவே இரண்டு கலர் பேனாவும் எடுத்து வந்திருந்தாள். காகிதம் பறக்காமல் பிடித்துக்கொள்ள என்னையும் மேலே கூப்பிட்டார்கள். மறுக்க முடியுமா? போனேன்.

"வீட்டுச் செலவுன்னா ரோஸ் கோடு, கடைச் செலவுன்னா பச்சைக் கோடு. அவ்வளவுதான் அண்ணி. ஈஸி" என்று ஆரம்பித்தாள் நாத்தனார். "முதல்ல சூப்பர் மார்க்கெட்."

"அதுல பாலும் இருக்கு, எலாஸ்டிக்கும் இருக்கு."

"எது எவ்வளவு?"

"பில்லைத் தூக்கிப் போட்டுட்டேனே."

"சரி, பாதி ரோஸ், பாதி பச்சை. அடுத்தது... லைட் பல்பு."

"பச்சை. அந்த வெளிச்சத்துலதான் பின்னறேன்."

"அதே வெளிச்சத்துலதானே அண்ணன் சாப்பிடறான்?"

"அவரு கண்ணை மூடிக்கிட்டும் சாப்பிடுவாரு. பச்சை."

"மூக்குக் கண்ணாடி?"

"அது என்னோடது. பச்சை போடு" என்றாள் மாமியார்.

"அம்மா, உன் கண்ணாடி எப்படிக் கடைச் செலவாகும்?"

"தையல் நேரா இருக்கான்னு யாரு பாக்கறா? என் கண்ணு கடைக்குத்தான்டி உழைக்குது."

"அப்போ என் முழங்கால் மாத்திரையும் பச்சை" என்றான் கணவன். "ஊர்ல இருக்கற லிஃப்ட்டெல்லாம் ரிப்பேர் பாத்துட்டு வந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்துல பார்சலைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்கறேனே."

ஒரு பக்கம் முடிவதற்குள் ரோஸ்மேல் பச்சையும் பச்சைமேல் ரோஸும் ஏறி, காகிதம் முழுக்க மழைக்காலத்துச் சேறு மாதிரி ஆகிவிட்டது. சாக்ஸ்காரி ஒரு கோட்டைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டதும், நாத்தனாரே காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். நாளை டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். கடை ஓடுகிறதா, நொண்டுகிறதா என்பது யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் நாத்தனாரின் பேனா ஓரிடத்தில் நின்றது.

"அண்ணி, அந்த வெப்சைட்லேர்ந்து வாரத்துக்கு ஒருதடவை மொத்தமாக் காசு வருது, சரி. ஆனா அதே வெப்சைட்டுக்கு இங்கேர்ந்து காசு போகவும் செய்யுதே. ஏதாவது வாங்கறீங்களா?"

"நூல்கூட அதுல வாங்கறதில்லையே."

"எல்லாம் ஒரே தொகையா இருக்கு. ஒரு செட் விலை என்ன?"

சொன்னாள். அதே தொகை. நாத்தனார் எண்ணினாள். ஒரே மாதத்தில் பதினெட்டு தடவை.

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். பின்னல் ஊசி ஒன்று நிஜமாகவே விழுந்தது. நான் அவர்கள் வீட்டுக் கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் தொண்டையைக் கனைத்தாள்.

"அதுல எட்டு என்னோடதா இருக்கும்."

"அத்தை?"

"நீ அழுதுடுவேன்னு பயந்துதான்மா. கீழ்வீட்டுல பத்திரமா இருக்கு எல்லாம்."

சாக்ஸ்காரி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, அடுத்த குண்டு அதற்குள் விழுந்தது.

"ஒம்போது என்னோடது" என்றான் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "கம்பெனி முகவரிக்கு வரும். அங்க மோட்டார் ரூம்ல நாப்பது செட் இருக்கு. ஏணிக்கெல்லாம் போட்டு வெச்சிருக்கேன்."

"நீயுமாடா?" என்று மாமியார் மகனைப் பார்த்து அதிர்ந்துபோனாள். "நான் ஒருத்திதான் வாங்கறேன்னு நினைச்சேனே!"

"நானும் அப்படித்தான்மா நினைச்சேன்."

"எட்டும் ஒம்பதும் பதினேழு" என்றாள் நாத்தனார். "இன்னொண்ணு யாரு? ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி தவறாம ஒண்ணு போகுது."

இருவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். நானும், யாரும் கேட்காமலேயே, செய்தேன். சாக்ஸ்காரியின் முகம்தான் மெல்ல மெல்ல மாறியது. கடை திறந்த முதல் வாரம், பார்சல் எப்படிப் போய்ச் சேருகிறது பார்ப்போம் என்று, கிளினிக் முகவரிக்குத் தனக்குத்தானே ஒரு செட் ஆர்டர் போட்டிருந்தாள். அப்போது 'மாதந்தோறும்' என்ற கட்டத்தையும் அமுக்கியிருக்கிறாள். பத்து மாதமாக அது தவறாமல் வந்துகொண்டிருந்தது.

"ஏன் அண்ணி, பார்சல் கைக்கு வந்தப்போவாவது தெரியலையா?"

"என் பார்சல் என்கிட்டயே வந்தா நான் என்னன்னு நினைக்கறது? யாருக்கோ பிடிக்காமத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் அன்னிக்கு முழுக்க மனசே சரியா இருக்காது."

நாத்தனார் காகிதத்தின் பின்புறத்தில் எழுதிக் காட்டினாள். வீட்டிலிருந்து நூறு கிளம்பினால், வெப்சைட்டுக்குப் பதினைந்து, கூரியருக்குப் பதின்மூன்று போக, எழுபத்திரண்டுதான் வீட்டுக்குத் திரும்பும். மாதம் பதினெட்டு தடவை இந்தச் சுற்று. ஐந்து செட்டின் விலை காற்றில் போய்க்கொண்டிருந்தது. நூல் செலவு வேறு.

"இரு இரு" என்றாள் சாக்ஸ்காரி. "என்கிட்ட வாங்கினது யாரு?"

"நாமதான் அண்ணி."

"வித்தது?"

"நாமதான்."

"அப்போ லாபம்?"

"வெப்சைட்காரனுக்கு."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். மாமியார் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்று யாரிடமோ சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து சாக்ஸ்காரி திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் கேட்ட கேள்வி வேறு.

"முப்பத்தொண்ணுல பதினெட்டு போனா பதிமூணு. அந்தப் பதிமூணு பேரு யாரு?"

"தெரியாதவங்க. நம்ம கார்டு இல்ல."

"நிச்சயமாத் தெரியாதவங்களா? உங்க சொந்தக்காரங்க யாரும் இல்லையே? ஆன்ட்டி, நீங்க?"

"ஐயோ, நான் என் காசுல ஒரு செட்கூட வாங்கினதில்லம்மா" என்றேன். உண்மைதான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"முகமே தெரியாத பதிமூணு பேரு" என்றாள். மறுபடியும் விரல்விட்டு எண்ணினாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியாமல், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் முழுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பதின்மூன்று பேரை நம்பி ஒரு சம்பளத்தை விட முடியாது. ஆனால் பதின்மூன்று பேர் வாங்குகிற கடையை இழுத்து மூடவும் முடியாது. மத்தியான இடைவேளையில் எதிர்த் தெரு பேங்குக்குப் போய்க் கடை பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறந்தாள். அந்தக் கார்டு ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. நூல்கூடையின் அடியில் இருக்கிறது. 'மாதந்தோறும்' கட்டத்தையும் எடுத்துவிட்டாள்.

அதிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் அவள் நிற்கும் வரிசையில் யாரும் நிற்பதில்லை. பாலுக்கு ஒரு பில், ஒரு கார்டு. எலாஸ்டிக்குக்கு இன்னொரு பில், இன்னொரு கார்டு. அலமாரி அடியிலும் மோட்டார் ரூமிலும் இருந்த எழுபது செட்டும் மேல்வீட்டுக்கு ஏறின. அவை வீட்டுக் காசில் வாங்கியவை, விற்க விற்கக் கடை வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாதக் கடைசியில் கடையிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒரு சின்னத் தொகை வந்தது.

"இது என்ன?" என்றான் கணவன்.

"என் சம்பளம்."

"யாரு குடுத்தா?"

"கடை."

"கடைன்னா யாரு?"

"நான்."

"அப்போ நீ யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க. அந்த வியாழக்கிழமைலேர்ந்து எனக்கே கொழப்பமா இருக்கு."

எல்லாம் ஒழுங்காகப் போனது, எனக்கு மட்டும்தான் கஷ்டம் வந்தது. மேல்வீட்டு நாற்காலிகளின் சாக்ஸ் தேய்ந்து கிழிந்தது. மாமியார் கூடையிலிருந்து ஒரு செட் எடுக்கப் போனாளாம்.

"அத்தை, அது கடைச் சரக்கு. வீட்டுக் கார்டுலேர்ந்து காசு போட்டுட்டு எடுத்துக்கோங்க. நேரா. வெப்சைட் வழியா வேணாம்."

"இத்தனை நாள் உன் கடைல என்னைவிட ஜாஸ்தி வாங்கினது யாரு? எனக்கே காசா?"

"உங்க பிள்ளை வாங்கியிருக்காரு, உங்களைவிடப் பத்து ஜாஸ்தி."

மாமியார் ரோஷக்காரி. காசும் போடவில்லை, சாக்ஸும் எடுக்கவில்லை. மருமகளும் விடவில்லை. ஆகவே காலை ஆறரைக்கு மறுபடியும் கர்ர்ர் என்று இழுக்கிற சத்தம். என் கோப்பைகள் மறுபடியும் கட்டிப்பிடித்துக்கொண்டன. நான்கு நாள் பொறுத்தேன். துடைப்பக் கட்டையைக் கையில் எடுத்தேன், வைத்தேன். பிறகு போனை எடுத்து, என் சொந்தக் கார்டில், என் சொந்தக் காசில், மூன்று செட் ஆர்டர் போட்டேன். முகவரி மட்டும் மாமியார் பெயரில், மூன்றாம் மாடி.

"ஆன்ட்டி! ஒரே ஆளு மூணு செட்!" என்று அன்று படியிலேயே கத்தினாள். "வீட்டுல எல்லாரையும் விசாரிச்சுட்டேன். யாரும் இல்ல. அத்தை போனையே வாங்கிப் பாத்துட்டேன். நிஜமாவே யாரோ!"

"அப்படியா?" என்றேன்.

ஆசை ஆசையாகக் கட்டினாள். கூரியர்காரர் எடுத்துப்போனார். ஊர்க்கோடிக் கிடங்குக்குப் போய், தரம் பிரிந்து, வேறு வண்டி ஏறி, மூன்றாம் நாள், கிளினிக் விடுமுறையான ஞாயிறன்று, அவர் பார்சலோடு என் கதவைத் தாண்டி மேலே ஏறுவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். மணி அடித்தது. கதவு திறந்தது. பிறகு சாக்ஸ்காரி தடதடவென்று பதினான்கு படியும் இறங்கிவந்து, பார்சலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"ஆன்ட்டி, இது திரும்பி வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்போ வித்ததா?"

"வித்ததுதான். என் காசு, என் கார்டு, உங்க அத்தை பேரு. வேணும்னா எழுதிக்கோ. ஆனா முதல்ல மேல போய் அதை மாட்டு."

அவள் பார்சலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பார்சலைப் பார்த்தாள்.

"மாட்டறேன் ஆன்ட்டி" என்றாள். இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். "ஆனா இதை வாங்கினது நீங்க. வந்தது அத்தைக்கு. நான் யாருகிட்டக் கேட்டுட்டுப் பிரிக்கறது?"